கோர்லி ஆமைகளின் வெற்றிக்கு நான் செய்தது

பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்கு இல்லை, டெப்யூட்டி ஃபான்ட்ரன். எங்கள் தெருவில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன, என் சமையலறை ஜன்னல் எதிர்வீட்டைப் பார்த்து இருக்கிறது, கடவுள் எனக்கு நல்ல காதைக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். வாக்குமூலம் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

எல்லாம் பிப்ரவரியில், பேஸ்பால் சீசன் தொடங்கிய வாரத்தில் ஆரம்பித்தது. கோர்லி கல்லூரி மைதானத்தில், இடதுபக்க வேலிக்குப் பின்னால், என் மாமனார் காலத்திலிருந்து எங்களுக்கு ஓர் இடம் உண்டு. அங்கே எங்கள் அடுப்பு, எங்கள் நாற்காலி, எங்கள் அவித்த கடலை. குளிர் எலும்புவரை ஏறும். போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு கண் எங்கள் பையன்கள்மேல், ஒரு காது ரேடியோவில். தொழில்முறை அணியான அட்லாண்டாக்காரர்கள் அப்போது ஃப்ளோரிடாவில் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பார்கள். பயிற்சி ஆட்டம் கணக்கில் சேராது என்பார்கள். என் கணக்கில் சேரும்.

எதிர்வீட்டில் டாம்சின் குடியிருக்கிறாள். கல்லூரி நூலகத்தில் வேலை, ஒஹையோவிலிருந்து வந்தவள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். திரைச்சீலையை மட்டும் சீக்கிரம் இழுத்து மூடிவிடுவாள். அவளுக்கும் நம் ஊர்ப் பையன் லோவெலுக்கும் கிறிஸ்துமஸில் நிச்சயமாகியிருந்தது.

முதல் சனிக்கிழமை எங்கள் கல்லூரி அணியான ஆமைகள் ஆறு ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள். எங்கள் அடுப்பருகே நின்றுகொண்டு டாம்சின் சொன்னாள்: "லோவெல், ஏப்ரல் ரெண்டாவது சனிக்கிழமை சர்ச் காலியா இருக்காம். ஆச்சரியமா இல்ல?"

இடதுபக்க வேலி முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. ஏப்ரல் சனிக்கிழமையில் நம் ஊர் சர்ச் ஏன் காலியாக இருக்கும் என்று ஓர் ஒஹையோக்காரிக்கு யார் சொல்வது?

"அன்னைக்கு டாட்ஸன் காலேஜோட மேட்ச்," என்றான் லோவெல்.

"உனக்கு நான் முக்கியமா, மேட்ச் முக்கியமா?"

"எத்தனாவது இன்னிங்ஸ்ல கேக்குற?"

அவள் என் கடலைச் சட்டியை எடுத்து, தண்ணீரோடு அவன் தலையில் கவிழ்த்தாள். கடைசிக் கடலை அவன் சட்டைக்குள் இறங்கும்போதே எங்கள் பையன் அடித்த பந்து வேலியைத் தாண்டி வந்து பல் டாக்டர் ஹோலிஸின் அடுப்பில் விழுந்தது. அடுத்த பந்தும் அப்படியே. அன்றைக்கு ஜெயித்தோம். அட்லாண்டாவும் ஜெயித்தது.

டாக்டர் ஹோலிஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "மிஸ் வெர்லீன், நாளைக்கும் அந்தப் பொண்ண யாராச்சும் கொஞ்சம் கோபப்படுத்துங்க."

கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும் ஊருக்கு நான் மிஸ் வெர்லீன்தான். சொன்னவர் அவர், செய்தவள் நான். பழியை அவர்மேல் போட மாட்டேன். அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை, ஆட்டத்துக்குப் போட்டுவந்த சட்டையைத் துவைக்க மாட்டார். போன மாதம் அவரிடம் பல் பிடுங்கப் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்கள். ஜெயிக்கிறபோது எதையும் மாற்றக் கூடாது. இது தெரியாதவர்கள் ஊருக்குள் இரண்டே பேர். ஒருத்தி டாம்சின். இன்னொருவர் புதிதாக வந்த மெதடிஸ்ட் சபை பாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சமாதானமாகி, கையைக் கோத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். பதினாலு ஓட்ட வித்தியாசத்தில் தோற்றோம். எதிரணிக்காரன் எறிந்த பந்தை நம் பையன்களால் தொடக்கூட முடியவில்லை. இவர்கள் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியும்.

அடுத்த வாரம் தபால்பெட்டி அருகே டாம்சினைப் பார்த்தேன். லோவெலின் பழைய சிநேகிதி பெத்தனி வங்கியில் வேலை செய்கிறாள் என்று சொன்னேன். பொய்யில்லை. அவன் அந்த வாரம் இரண்டு தடவை வங்கிக்குப் போனான் என்றும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. மனிதன் வங்கிக்குப் போகாமல் எங்கே போவான் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வாரம் மூன்று ஆட்டமும் நமக்கே.

பிறகு லோவெலிடம், அவன் மீசை பல் விளக்கும் பிரஷ்போல இருக்கிறதென்று டாம்சின் சொன்னதாகச் சொன்னேன். அவள் அப்படிச் சொன்னது உண்மை. தபால்காரரைப் பற்றிச் சொன்னாள். மீசை பொதுவான விஷயம். மீண்டும் ஜெயித்தோம்.

மார்ச்சில் அவர்கள் மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். வானொலியில் நம்மை நாட்டின் முதல் இருபது அணிகளில் சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்த நேரம் அது. நான் சும்மா இருந்திருந்தால் ஊர் என்னை மன்னித்திருக்குமா? நூலகத்துக்கு ரோஜாக்கொத்து ஒன்று அனுப்பினேன். 'உன் பழுப்புக் கண்களை மறக்க முடியவில்லை' என்று மட்டும் எழுதச் சொன்னேன். அனுப்பியவர் பெயர் இல்லை. லோவெல் அவளை மதியச் சாப்பாட்டுக்கு அழைக்க வருகிற நேரத்துக்குக் கொத்து போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டேன்.

அன்று மாலை மோதிரம் கழன்றது. லோவெல் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அவன் என் மகன் என்பதை எழுதிக்கொண்டீர்களா? விட்டிருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், பெற்ற பிள்ளை அம்மா வீட்டுக்கு வராமல் வேறெங்கே போவான்?

சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை. "அம்மா, அவ இல்லாம என்னால முடியாது," என்றான். என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இன்னொரு கையால் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அட்லாண்டாக்காரர்கள் நிஜ சீசனின் முதல் ஆட்டத்தில் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் அவன் மெலிந்துபோனான். ஆமைகள் தோற்கவே இல்லை. என் மகனின் சந்தோஷத்துக்கு நான் ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. சீசன் முடியும்வரை தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.

ஆனால் டாம்சின் நூலகத்தில் வேலை செய்கிறவள், தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள். பூக்கடைக்காரியிடம் போய்ப் பேசியிருக்கிறாள். என்ன பேசினார்களோ, அடுத்த நாளே என் மகன் பைகளைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி போய்விட்டான். கல்யாணம் அதே ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை என்றார்கள். டாட்ஸன் ஆட்டத்தன்று. அதாவது இன்று.

அந்தப் புது பாஸ்டர் கிரிஸத்தை சர்ச்சுக்கு அழைத்துவருகிறேன் என்று நானே முன்வந்தேன். அவருக்கு எழுபதுக்கு மேல் வயது, கண் சரியில்லை. மாப்பிள்ளையின் அம்மா செய்கிற உதவிதானே. கடத்தல் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய சொல். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். இறக்கிவிடவில்லை.

"மிஸ் வெர்லீன், சர்ச் அந்தப் பக்கம்ல இருக்கு?"

"தெரியும் பாஸ்டர். கடல வேணுமா?"

"நான் ஏதாச்சும் பாவம் செஞ்சிட்டேனா?"

"இல்ல பாஸ்டர். இன்னும் ஒம்பது இன்னிங்ஸ் இருக்கு, அவ்வளவுதான்."

ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். அவர் மெதடிஸ்ட் ஆனாலும் மனுஷர். நாலாவது இன்னிங்ஸில் ரேடியோ பக்கம் குனிந்தார். ஆறாவது இன்னிங்ஸில் நடுவரைத் திட்டினார். பைபிளில் இல்லாத சொல். பெற்ற தாய் என்றும் பார்க்காமல் லோவெல் உங்களுக்குப் போன் செய்தான். ஆற்றுப் பாலத்தில் நீங்கள் மறித்தபோது பாஸ்டர் இறங்க மறுத்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மைதானத்தின் மூன்று மூலையிலும் நம் ஆட்கள் ஓட்டம் எடுக்கத் தயாராக நின்றுகொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் யார்தான் இறங்குவார்கள்?

மீதி உங்கள் கண்முன் நடந்தது. என்னை இந்த பெஞ்சில் உட்காரவைத்து விலங்கு மாட்டினீர்கள். உங்கள் மேஜையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்காக உங்களை மதிக்கிறேன். டாம்சின் வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இந்த பாஸ்டரை இனிமே நான் கண்ணுல இருந்து விடமாட்டேன்," என்றாள். "சர்ச்சும் வேணாம், கேக்கும் வேணாம். இங்கயே நடத்துங்க."

ஒன்பதாவது இன்னிங்ஸ், ஓர் ஓட்டம் பின்தங்கியிருக்கிறோம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பாஸ்டர் ஒரு காதை ரேடியோ பக்கம் வைத்துக்கொண்டு, இருவரும் கணவன் மனைவி என்று சொல்லி முடித்த அந்த வினாடியில், பந்து வேலிக்கு வெளியே போனது. ஜெயித்தோம். நீங்கள் தொப்பியை எறிந்தீர்கள், பாஸ்டர் உங்களைக் கட்டிக்கொண்டார். மணமக்களை யாரும் பார்க்கவில்லை.

டாம்சின்தான் என் அருகில் வந்தாள். "அந்த ரோஜா உங்க வேலைதானே, மிஸ் வெர்லீன்?"

"ஆமா."

"என் கண்ணு பச்சை," என்றாள். "எதிர் வீட்ல இருந்து இத்தன நாளா பாத்தும் இது தெரியலயா?" பிறகு குனிந்து என் கன்னத்தில் முத்தமிட்டு, எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை என்று உங்களிடம் சொல்லிவிட்டு, என் மகனை அழைத்துக்கொண்டு போனாள். பாஸ்டரும் புகார் இல்லை என்றார். மீதிக் கடலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அங்கேதான் சிக்கல், டெப்யூட்டி. நான் மூடநம்பிக்கைக்காரி அல்ல. கல்யாணம் நடந்தும் நாம் ஜெயித்தோம் என்றால், அவர்கள் சண்டைக்கும் வெற்றிக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒப்புக்கொள்கிற புத்தி எனக்கு இருக்கிறது. வீணாக அந்தப் பிள்ளைகளைக் கஷ்டப்படுத்திவிட்டேன். ஜெயித்ததற்கு உண்மையான காரணம் நான் விலங்கோடு உட்கார்ந்திருந்த இந்த பெஞ்சு.

நாளை மதியம் மறுபடி டாட்ஸனோடு ஆட்டம். அதே நேரத்தில் அட்லாண்டாவும் ஆடுகிறது. நீங்கள் சாவியை எடுப்பது தெரிகிறது. அவசரப்படாதீர்கள். பாஸ்டரைக் கடத்தினேன், அது பெரிய சொல் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். திட்டமிட்டுத்தான் செய்தேன், வருத்தமில்லை, வெளியே விட்டால் மறுபடி செய்வேன். இதுவும் போதாது என்றால், உங்கள் மனைவி உங்கள் சமையலைப் பற்றி பியூட்டி பார்லரில் என்ன சொன்னாள் என்று ஆரம்பிப்பேன்.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். போட்டு முடித்ததும் விலங்கை மாட்டுங்கள். இடது கையில். முதலில் வலது கையில் மாட்டியிருந்தபோது நம் பையன்கள் இரண்டு ஓட்டம் விட்டுக்கொடுத்தார்கள்.