வாலில்லாத வாட்ச்மேன்

குரங்கு வைரஸ் என் ரத்தத்துல இல்லவே இல்லைங்கிறீங்க. சரி டாக்டரம்மா. அப்புறம் எதுக்குக் கையில கிளவுஸ்? அதுவும் ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு? வராத திருடனுக்கு எதுக்கும்மா ரெண்டு பூட்டு?

வழக்கமா? எல்லாருக்கும் இப்படித்தானா? எனக்கு முன்னாடி வந்த இருமல்காரருக்கு ஒரு கிளவுஸோடதான் பார்த்தீங்க. கதவு இடுக்கு வழியா பார்த்துட்டுத்தான் இருந்தேன். காலமெல்லாம் லேப்ல குரங்குக்குத் தண்ணி வெச்சவன் நான். கண்ணைப் பார்த்தே எதைப் பிடுங்கப் போகுதுன்னு சொல்லிடுவேன்.

எப்படிக் கடிச்சுதுன்னு மறுபடியும் கேக்குறீங்க பாருங்க! கோடிக் கூண்டுல இருக்காளே கிழவி, அவதான். கூண்டைக் கழுவப் போனப்ப கட்டைவிரலைக் கவ்விட்டா. நான் சும்மா விடுவேனா? திருப்பிக் கடிச்சேன். பாவம், அவளுக்குத்தான் காய்ச்சல். சிரிக்காதீங்க. அவ உடம்புல அந்தக் கிருமி இருக்குன்னு கண்டுபிடிச்சதே நீங்கதானே?

நீங்க சொன்ன அந்தப் புரதம் கதையை நான் சொல்றேன், தப்பிருந்தா திருத்துங்க. கிருமி நம்ம செல்லுக்குள்ள பூந்து குட்டி போடுது. குட்டிங்க வெளியே கிளம்பறப்ப வாசல்ல ஒரு வாட்ச்மேன், அதான் அந்தப் புரதம், கயித்தால கட்டிப் போட்டுடுறான். குரங்குக்கும் அதே வாட்ச்மேன்தான். ஆனா அவனுக்குத் துண்டா ஒரு வால் இருக்கு. கிருமி அதைப் பிடிச்சு இழுத்து, ஆளைக் கவுத்துட்டுப் போயிடும். அது கத்து வெச்சிருக்கிறது அந்த ஒரு வித்தைதான். மனுஷனோட வாட்ச்மேனுக்கு அந்தத் துண்டு எந்தக் காலத்துலயோ உதிர்ந்துபோச்சு. பிடிக்க வால் இல்லாம கிருமி திருதிருன்னு முழிக்குது. சரியா?

நல்லாத்தான் இருக்கு. நான் விடுற கதையைவிட நல்லா இருக்கு, அதான் இடிக்குது. தூங்காத வாட்ச்மேனை நான் பார்த்ததே இல்லம்மா. அதோட, எங்கம்மா கடைசிவரைக்கும் என்னை வாலுன்னுதான் கூப்பிட்டா. எனக்கு மட்டும் அந்தத் துண்டு மிச்சம் இருந்துட்டா?

அவன் தூங்கினாலும் உள்ளே இன்னும் ரெண்டு மூணு பேரா? ஒருத்தன் கிருமியோட சட்டையை உரிக்கிறான், ஒருத்தன் அது எழுதினதைக் கிறுக்கிக் கெடுக்குறான். ஓஹோ. அத்தனை பேரையும் தாண்டி எதுவும் வந்ததே இல்லையா? ... ஆங்! எப்பவாவது ஒண்ணு புது வித்தை கத்துக்கிட்டு வந்துடுமா? பார்த்தீங்களா, கிண்டினாத்தானே வருது! அதுக்காகத்தான் இத்தனை தடவை ரத்தம் எடுத்தீங்க. கடைசித் தடவையும் கிருமி இல்லையா? சத்தியமா?

காகிதத்தைக் காட்டாதீங்க. காகிதம் எதைத்தான் தாங்காது? கிளவுஸைக் கழட்டுங்க. ரெண்டையும். இப்ப இந்தக் கட்டைவிரலைப் பிடிங்க. அங்க இல்ல, தழும்பு மேலயே.

...

கை ஜில்லுன்னு இருக்கு. ஆனா நடுங்கல. பயந்த கை எனக்குத் தெரியும்மா, குரங்கோ மனுஷனோ.

சரி. கதவைக் கொஞ்சம் திறந்துவிடுங்க. வெளியில மருமக நிக்கிறா, இடுப்புல என் பேத்தி. கடி வாங்கினதுக்கு அப்புறம் பொறந்தவ. என்னை யாரும் தள்ளி வெக்கல. நான்தான் முதுகுவலின்னு கதை விட்டுட்டு இன்னிவரைக்கும் தூக்கினதே இல்ல. இப்ப தவழுறா. எப்படிம்மா வாங்கணும்? தலையை இன்னும் தாங்கிப் பிடிக்கணுமா, இல்ல அதெல்லாம் தாண்டிப் போயிடுச்சா?