ஒழுகறது வேற, கசியறது வேற

ஒழுகுதுன்னு சொல்லாதீங்க பக்கிரி. ஒழுகறது கூரை. கக்கூஸ் ப்ளஷ் டேங்க் கசியுது. முப்பது வருஷம் பசங்களுக்குத் தமிழ் சொல்லிக்குடுத்த வாயி, சும்மா இருக்குமா? நீங்க ஸ்பேனரைப் போடுங்க, டார்ச்சை நான் புடிச்சிக்கறேன்.

என்னது, வாஷர் காஞ்சி வெடிச்சிருக்கா? ஆமா, பொழங்கலன்னா அப்படித்தான் ஆவும். கரெக்டாக் கண்டுபுடிச்சிட்டீங்க. மாட்டி நாலு வருஷமாவுது, இன்னும் ஒருத்தரும் ஒக்காரல. நேத்து தண்ணியத் தொறந்து பாத்தேன், கீழ ஈரம். எனக்கு எதுக்கு வெஸ்டர்னு? கொல்லப்பக்கம் நம்ம கக்கூஸ் இருக்குதே. முட்டி இன்னும் மடங்குது.

பேத்திக்காகப் போட்டது. எம் பொண்ணு தேவிப்பிரியா இருக்கால்ல, அவ பொண்ணு. மாப்ள பிரெஞ்சு நேஷனாலிட்டி, லியோன்ல இருக்காங்க. எங்க வீட்டம்மா காரியத்துக்கு வந்தப்ப, பேத்தி கொல்லப்பக்கம் போய்ப் பாத்துட்டு, ஓட்டையில விழுந்துடுவேன்னு ஒரே அழுகை. அவங்க ஏர்போர்ட்டுக்குக் கெளம்பினதும் மொதல் வேலையா இதை மாட்டினேன். போன்ல என்னைப் பெப்பேங்கறா. பிரெஞ்சுல அது தாத்தாவாம். நம்ம ஊர்ல பெப்பேன்னா என்னன்னு அவளுக்கு யாரு சொல்றது? சிரிங்க, சிரிங்க. நீங்களாவது சிரிக்கறீங்க, டிவிப் பொட்டி ஒரு ம் கூடக் கொட்டாது.

இன்னிக்கு சாயந்தரம் வராங்க. அதான் காலையிலயே உங்களக் கூப்ட்டேன்.

தங்கறதுக்கா? இல்லிங்க. பீச்சாண்ட ஓட்டல்ல ரூம் போட்டுட்டாங்க, வந்து அஞ்சாறு நாளாவுது. ஒண்டியா இருக்கீங்க, உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்னா பொண்ணு. பிழையில்லாத வாக்கியம். நான் திருத்தறதுக்கு அதுல ஒண்ணுமில்ல.

நாளைக்கு ப்ளைட்டு. ஒரு காபி குடிச்சிட்டுக் கெளம்பிடுவோம்னு சொல்லிட்டா.

அப்புறம் எதுக்கு இவ்ளோ அவசரம்ங்கறீங்களா? கொழந்தையாச்சே பக்கிரி. பிரிட்ஜுல எளநி வெட்டி ஊத்தி வச்சிருக்கேன். டம்ளரும் பெரிய டம்ளராத்தான் எடுத்து வச்சிருக்கேன். அவங்க கெளம்பறதுக்குள்ள அவளுக்கு ஒரு வாட்டியாவது ஒண்ணுக்கு வந்துரும்ல?