உக்கிரபாண்டி வீட்டுக்குப் போன ஐஸ்

அய்யனார் கோவில் அருவிக்கடியில் என்னை நிறுத்தி, தலையில் மலையே விழும் என்று சொல்லிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன் அய்யா. இனி நான் பேசப்போவதில் ஒரு சொல் பொய் கிடையாது. டீ நன்றாயிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்வரை கூட்டிவந்து விசாரிப்பதில் இந்த ஒரு லாபம், டீயில் பால் இருக்கிறது.

என் பெயர் மொக்கைச்சாமி. ராஜபாளையத்தில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கிறேன். என் ஐஸைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ஆனாலும் சித்திரை வெயிலில் சேத்தூருக்கு ஏற்றிவிடும் ஐஸ் பார், அங்கே இறங்கும்போது எடை கூடியிருக்கும். ஒரு தடவை தவளை ஒன்று பாருக்குள் மாட்டி உறைந்துவிட்டது. மறுவாரம் சோழபுரத்து சோடாக்கடையில் உருகி எழுந்து, பாதியில் விட்ட கத்தலை அங்கேதான் முடித்தது. கடைக்காரர் பால்ச்சாமி இருக்கிறார், விசாரித்துக்கொள்ளுங்கள்.

உக்கிரபாண்டி என் தங்கை பெத்தம்மாளின் புருஷன். மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். அவருக்கு நெஞ்சு தாளம் தப்பும். சும்மா உட்கார்ந்திருப்பவருக்குள் திடீரென்று குதிரை ஓடும், செத்த நேரத்தில் நொண்டும். அப்படி வந்தால் என்னிடம்தான் வருவார். அண்டாத் தண்ணீரில் ஐஸை உடைத்துப் போட்டு, "மூச்சைப் புடிச்சிக்கிட்டு மூஞ்சிய முக்குங்க மாப்ளே" என்பேன். முக்கி எடுத்தால் குதிரை நின்றிருக்கும். ஒரு டாக்டரே இது சரியான வழிதான் என்று சொல்லியிருக்கிறார். "மச்சான், நீங்கதான் என் டாக்டரு" என்பார் மாப்பிள்ளை, மூக்கில் தண்ணீர் சொட்டச் சொட்ட. எண்பத்தாறிலிருந்து இந்தத் தொண்ணூற்றெட்டு வரைக்கும் அந்த நெஞ்சை ஓட்டிக்கொடுத்தது நான்.

அப்படிப்பட்டவரிடம் யாரோ மெட்ராஸில் ஒரு புது வைத்தியம் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். தொடை நரம்பு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சுவரை ஓட்டி, அதன் நுனியில் குளிரை வரவழைத்து, கோளாறு பண்ணுகிற இடத்தை மட்டும் உறைய வைப்பார்களாம். உறைய வைப்பது, அய்யா. ஐஸ் ஃபேக்டரிக்காரன் மச்சானாக இருக்கும்போது, குளிருக்காக ஒருவர் மெட்ராஸுக்கு டிக்கெட் எடுக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

ரயில் ஏறப்போகிற அன்று காலையில்தான் எனக்குத் தெரியவந்தது. நன்றாக ஒரு முக்கு முக்கிவிட்டால் மெட்ராஸே தேவைப்படாது என்று, இரண்டு பாரை உமி தூவிச் சாக்கில் சுற்றி, தள்ளுவண்டியில் வைத்து நானே தள்ளிக்கொண்டு போனேன். அதுதான் தப்பாகப் போனது. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் பார் ஐஸ் போனால் ஒரே அர்த்தம்தான். பட்டாளத்திலிருக்கும் மகன் வந்து முகம் பார்க்கும்வரை பிணம் கெடாமல் தாங்க வேண்டும். உக்கிரபாண்டியின் மகன் காஷ்மீரில் இருக்கிறான். தெரு கூடிவிட்டது. ஒருவர் மாலையோடு வந்தார். ஒருவர் தந்தி கொடுக்க ஓடினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மகளைப் பார்த்துவிட்டு அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கிய பெத்தம்மாள் வண்டியைப் பார்த்ததும், "என் ராசா, டிக்கெட்டுகூட எடுத்தாச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

உக்கிரபாண்டி பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு வெளியே வந்தார்.

"ஏட்டி, நான் இன்னும் சாகல. ஒப்பாரிய மெட்ராஸ் போயிட்டு வந்து வச்சிக்கிடலாம்" என்றார். பொறவு வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மச்சான், ஒங்க ஐஸு பொணத்துக்குத்தான் லாயக்கு. உசுரோட இருக்கவன் மெட்ராஸ் போறேன்."

தெருவே சிரித்தது. மாலை கொண்டுவந்தவர் எல்லாரையும்விடக் கூடுதலாகச் சிரித்தார். பெத்தம்மாளும் சிரித்தாள், அழுத கண்ணைத் துடைக்காமலே.

நான் கோபப்படவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். "சோப்போட நிக்காதீங்க மாப்ளே, வாங்க, கழுவிவிடுதேன்" என்றேன். பெத்தம்மாள் வந்தவர்களுக்குக் காப்பி போட உட்கார்ந்துவிட்டாள். நான் கொல்லைப்புறத்தில் அண்டாவை நிரப்பினேன். சிரித்த சிரிப்பில் அவருக்குக் குதிரை கிளம்பியிருந்தது. அவரேதான் வந்து குனிந்தார். பழகிய கை என்று நம்பித்தான் குனிந்தார். பிடரியில் கை வைத்தேன். தலையை எப்போது எடுப்பது என்பதை வழக்கமாக அவர் முடிவு செய்வார். அன்றைக்கு நான் முடிவு செய்தேன். வைத்தியத்தைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. கால் கொஞ்சம் உதைத்தது. குளிர் உள்ளே இறங்கினால் அப்படித்தான் இருக்கும்.

பொறவு படுக்கவைத்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். அம்புட்டு அமைதி. எந்தக் குழாயாலும் அப்படி ஓர் அமைதியைக் கொடுத்திருக்க முடியாது. வந்த சனமும் திரும்பிப் போகவேண்டியிருக்கவில்லை. மாலையும் வாடவில்லை. தந்தி கிடைத்து மகன் வந்து சேர்ந்தபோது அப்பா முகம் பளிச்சென்று இருந்தது. என் ஐஸ் பிணத்தைத் தாங்கும் லட்சணம் அது.

அதனால் கொலை என்று எழுதாதீர்கள் அய்யா. சிகிச்சை என்று எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மெட்ராஸ்காரன் எத்தனை குழாய் வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளட்டும். குளிரால் உக்கிரபாண்டி நெஞ்சை நிறுத்தி நிதானப்படுத்திய ஒரே ஆள் நான்தான்.

மாப்பிள்ளை முகம் அண்டாத் தண்ணீரில் இருந்த நேரத்தில் ஐஸ் பார் இரண்டும் சாக்குப் பிரிக்காமல் வாசலில் வண்டியில்தான் இருந்தன.