பழைய பேர், பழைய பாஸ்வேர்டு

விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும். கொஞ்சம் நெருங்கி மட்டும் உட்காருங்கள். இது நம்ம மஜீதின் மச்சான் முபாஷிருக்கு நடந்தது. வீடு வீடாகப் போய் இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கிறவன். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள். இப்போது சிரிப்பதில்லை.

சாயங்காலம் ஆறே முக்கால்... எண்ணூருக்குப் போகிற கடலோர ரோடு. மற்ற நாளென்றால் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக முட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு லாரிக்காரர்கள் ஸ்டிரைக். ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகள், இன்னொரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை. கல்லில் அலை அடிக்கும்... கொஞ்சம் நிற்கும்... மறுபடி அடிக்கும். கருவாடும் டீசலும் கலந்த வாடை. தோளில் கேபிள் சுருளை மாட்டிக்கொண்டு முபாஷிர் பைக்கில் போனான். அன்றைய கடைசி வேலை அது.

சந்து முனையிலேயே ஒரு பெரியவர் காத்திருந்தார். லியோனார்ட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டி நிற்பதற்குள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வூட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. என் சம்சாரம் ஒரு பேர் எழுதித் தருவா. பழைய வைஃபை பேரு, பழைய பாஸ்வேர்டு. அத்தப் போடாத. வேற எதுனா போடு."

"ஏன் அங்கிள்?"

அவர் கடல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். மகன் ஃப்ரெடி ஐப்பசியில் படகேறிப் போனான். படகு கவிழ்ந்தது. நாலு பேர் உடல் கரை ஒதுங்கியது. ஃப்ரெடி மட்டும் கிடைக்கவில்லை. உடல் வராத பிள்ளைக்குச் சர்ச்சில் இறந்தவர் பூசை வைக்கக் கூடாது என்று தாய் பிலோமி எட்டு மாதமாக மல்லுக்கு நிற்கிறாள். படத்துக்கு ஒரு மாலை போட விடவில்லை. மனசு வெறுத்துப்போய் லியோனார்ட் இன்டர்நெட்டை நிறுத்தினார், அதுதான் அவர் செய்த தப்பு. ஃப்ரெடி வேலை முடிந்து சந்து முனை திரும்பும்போதே அவன் போன் வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொள்ளுமாம். பிள்ளை வரும் வழியை அடைத்துவிட்டாய் என்று அவள் அன்றையிலிருந்து அவரோடு பேசுவதில்லை.

"நேத்துதான் எறங்கி வந்தா. பழைய பேர்ல கனெக்சன் குடு, அவன் போன் வந்து சேரலனா ஞாயித்துக்கிழம பூசைக்கு நானே வரேன்னா. சேராதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? ஆனா... பயமா கீது. அந்தப் பேர் அவனோட போவட்டும்."

முபாஷிர் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

சுவரில் மாதா படம், அதற்குக் கீழே பல் தெரியச் சிரிக்கும் ஃப்ரெடி. பிலோமி மடித்த காகிதத்தை நீட்டினாள். முபாஷிர் கேபிளை இழுத்து மோடத்தில் சொருகினான். சிவப்பு விளக்கு மின்னி மின்னி, பச்சையாக நின்றது. ரவுட்டரை அதனோடு இணைத்துவிட்டு, பேர் போட வேண்டிய இடத்துக்கு வந்தான்.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம். ஏற்கெனவே லைன் இருந்த வீடென்றால் புதுப் பேர் வைக்க மாட்டார்கள். பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையுமே போட்டுவிடுவார்கள். வீட்டிலிருக்கும் போன் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், மறுநாள் யாரும் கூப்பிட்டு உயிரை வாங்க மாட்டார்கள். விரலுக்கு அதுதான் பழக்கம். போதாததற்குப் பிலோமி தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு பேர் அடிக்க எவனுக்குக் கை வரும்? காகிதத்தில் இருந்ததையே அடித்தான்.

கம்பெனி ஆப்பில் எத்தனை போன் சேர்ந்திருக்கிறது என்று காட்டும். ஒன்று.

"உங்க போன் மட்டும்தாம்மா."

"கொஞ்ச நேரம் பாரு."

லியோனார்டும் உள்ளே வந்து நிற்க, மூவரும் பார்த்தார்கள். அஞ்சு நிமிஷம்... பத்து நிமிஷம். ஃபேன் மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றியது. பிலோமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"சரி. ஃபாதர்கிட்ட சொல்லிடு. ஞாயித்துக்கிழம வரேன்."

லியோனார்ட் அப்படியே சுவரில் சாய்ந்து அழுதார். நல்ல காரியம் செய்தோம் என்றுகூட முபாஷிர் நினைத்தான், பாவம். குனிந்து கருவிகளைப் பையில் போட்டான். போனை எடுத்தான்.

இரண்டு.

இரண்டாவதன் பேர் ஃப்ரெடி. பக்கத்தில் சிக்னல் ஒரே ஒரு கோடு. ஒரு கோடு என்றால் சந்து முனை... அது முபாஷிருக்கு அத்துப்படி. திரையை உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டான். இப்போதுதான் மனசு ஆறிய பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? திருட்டுத்தனமாக மறுபடி பார்த்தான். இரண்டு கோடு... மூன்று... வாசல் கதவு திறந்தே இருந்தது. சந்தில் யாரும் இல்லை. ஆனால் வாடை வந்தது. மீன் வாடை இல்லை. பல நாள் தண்ணீரில் ஊறிய துணியின் வாடை.

அப்போது பிலோமியின் போன் கையில் அதிர்ந்தது.

எட்டு மாதமாக அவள் மகனுக்கு அனுப்பிய மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றிருந்தன. எங்கடா கீற. சாப்ட்டியா. அம்மா தூங்கல. ஒவ்வொன்றாக இரண்டு டிக் ஆனது. பிறகு, மேலிருந்து கீழாக... நிதானமாக... நீலமானது. ஆமாம், யாரோ படிக்கிறார்கள். அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்கிறாயா? அவள் ஒரு மாதம்கூடத் தவறாமல் ரீசார்ஜ் போட்டு வந்திருக்கிறாள். சும்மா கேள்.

முபாஷிர் கேபிள் சுருளைக்கூட எடுக்கவில்லை. பைக்கை எடுத்தவன் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்தான் நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கவில்லை. அதெப்படி நடக்கும்? தினமும் அதே நேரம், ஏழரை மணிக்கு, அந்தப் போன் வந்து சேரும். இவள் அனுப்புவதெல்லாம் நீலமாகும். பதில் மட்டும் வராது. "படிச்சுட்டான், ஏன் பேச மாட்டேங்கிறான்?" என்று கேட்டுக் கேட்டு அவள் சோறு தண்ணியை விட்டாள். இறந்தான் என்று அழுவதற்கு வந்த ஒரே நாளும் போய்விட்டது. புதன்கிழமை லியோனார்ட் போன் செய்தார்.

"பேரை மாத்திடு தம்பி. கால்ல வுழுறேன். அவ பூட்டா எனக்கு ஆள் கிடையாது."

முபாஷிர் இருந்த இடத்திலிருந்தே பேரையும் மாற்றினான், பாஸ்வேர்டையும் மாற்றினான். மறந்துவிடக் கூடாதே என்று பெரியவர் புது பாஸ்வேர்டைத் கிழித்த காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டார். வீட்டில் வேறு யார் அதை எடுக்கப் போகிறார்கள் என்று டிவி மேலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் ஏழரைக்கு மறுபடி அவர்தான். குரலே எழும்பவில்லை.

"தம்பி... வூட்டச் சுத்தி யாரோ நடந்துகினு கீறாங்க. வாசல்ல கொஞ்ச நேரம்... பின்னாடி சந்துல கொஞ்ச நேரம். மாடிப்படி ஏறி, மொட்ட மாடில கொஞ்ச நேரம். சிக்னல் கெடைக்காதவன் போனத் தூக்கினு அலைவான் பாரு... அப்டி."

முபாஷிர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டான். சப்... சப்... ஈரக்கால் சிமெண்டில் பதிகிற சத்தம். அது மாடிப்படியில் இறங்கியது, வீட்டைச் சுற்றி வந்தது, ஓர் இடத்தில் நின்றது.

"அங்கிள், ஆன்ட்டி எங்க?"

"ஜன்னலாண்ட."

"என்ன பண்றாங்க?"

பெரியவர் போனை அந்தப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். பிலோமியின் குரல் தெளிவாகக் கேட்டது. சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிற குரல். புது பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாக இருட்டுக்குள் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துவாள், அடிக்க நேரம் கொடுக்கிற மாதிரி. பிறகு அடுத்தது. எட்டு எழுத்தும் முடிந்தது.

வெளியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. முபாஷிர் சத்தியம் செய்கிறான், மூச்சுக்கூடக் கேட்கவில்லையாம். ஆனால் பிலோமி யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவள் மாதிரி, "ம்... ம்..." என்றாள்.

"இல்ல நைனா," என்றாள் பொறுமையாக. "மொத எழுத்து மட்டும் பெருசா போடு."

முபாஷிர் போனைக் காதிலிருந்து எடுத்து ஆப்பைத் திறந்தான். ஒன்று இரண்டானது.