கடலுக்குக் குடுத்த பேரு

மெதுவா, நைனா, மெதுவா. அந்தப் பேர இங்க சத்தமா சொல்லாத. பக்கத்து வூட்டுக்குப் புதுசா குடி வந்துகீறாங்க, நடுவுல ஒத்தச் செங்கல் செவுரு. டிவி அலறிகினு கீதேன்னு பாக்காத, அது அப்பிடியே இருக்கட்டும்.

போலீஸு இல்லன்றே. அந்தக் கால இயக்கத்தப் பத்தி புக்கு எழுதறேன்றே. சரி. அப்ப வந்த போலீஸு கூட மீனு வாங்க வந்த மாரி கூடையோட தான் வந்துச்சு. நீ டீய குடி.

ஆமா, நீ கேக்குற ஆளு இந்தக் குப்பத்துக்காரரு தான். எம் புருசன் தான். கட்டுமரத்துல போய்கினு இருந்தவரு, எண்ணூரு கம்பெனில கான்ட்ராக்ட் கூலியா சேந்தாரு. அங்க இயக்கத்துப் பசங்க தோழர் தோழர்னு பேசி இஸ்துகினு பூட்டாங்க. பாரின்னு ஒரு புள்ள, மீஞ்சூரு, படிச்ச புள்ள. என் கையால கொயம்பு ஊத்தித் துன்னுகீது. சங்கம் கட்டுனாங்க. மேஸ்திரி ஆளு வச்சி சங்கத்துல ஒருத்தன அடிச்சே கொன்னான். அப்பால அந்த மேஸ்திரிய ரயில்வே லைனாண்ட யாரோ வெட்டிப் போட்டாங்க. யாருன்னு கேக்காத. நானே கேட்டதில்ல.

பாரிய போலீஸு இஸ்துகினு போச்சு. மறுநாளு முகத்துவாரத்து மண்ணுல பொணமா கெடந்துச்சு. அவன் சுட்டான், நாங்க திருப்பிச் சுட்டோம்னாங்க. சோடாபுட்டி கண்ணாடி இல்லன்னா அந்தப் புள்ளைக்கு எதுர்ல நிக்கிறவன் மூஞ்சே தெரியாது, நைனா. கண்ணாடி எங்கூட்டுல கெடந்துச்சு.

அடுத்தது எம் புருசன் தான்னு குப்பத்துக்கே தெரியும். அந்த வாரமே அவரு போன கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்குச்சு. உடம்பு கெடைக்கலன்னா எங்கள்ல வைக்கோல்ல ஆளு கட்டி, அவர் சட்டைய மாட்டி, கரையில வச்சி கொளுத்திடுவோம். இன்ஸ்பெக்டரு நின்னு பாத்தாரு. நான் மாருல அடிச்சிகினு அழுதேன். அதோட அந்தப் பேர கடலுக்குக் குடுத்தாச்சு. அப்பால ஊர்ல யாரும் வாயால சொல்லக் கூடாது. சொன்னா, குடுத்தத ஏன் திருப்பி எடுத்தேன்னு கடலு வேற ஒருத்தர கேக்கும். அதான் நீ அலஞ்சும் ஒருத்தரும் வாயத் தொறக்கல.

இன்னா, என் கழுத்த பாக்குறே? தாலி தான். ரெண்டாவதா கட்டிகினேன். ஜெகதீசன்னு பேரு, பழவேற்காட்டுலருந்து தாடியோட வந்தாரு. வலை பின்றாரு, கடல்ல கால வைக்க மாட்டாரு. உள்ள படுத்துகினு கீறாரு. கொஞ்ச நாளா எல்லாம் மறந்து போவுது.

ஐய, கரண்டு பூட்ச்சி.

இல்ல நைனா, டிவி இல்ல. அதான் நின்னுபோச்சே. அவரு தான் பேசறாரு. பாரி ஓடு, பாரி ஓடுன்றாரு. மேஸ்திரி பேர சொல்லித் திட்றாரு. இத்தினி வருசம் வாயக் கட்டிகினு இருந்த மனுசன், இப்ப நாளெல்லாம் கத்தறாரு. யாரு காதுலயும் வுயக் கூடாதே. அதுக்குத்தான் டிவி.

உக்காரு, எழுந்திரிக்காத. எழுதறத அப்பால எழுது. ஜெகதீசன்னு கூப்ட்டா, அது யாருன்றாரு. சோறு எடுத்துகினு போனா தட்டி வுட்றாரு. என் பேர சொல்லிக் கூப்புடு, அப்ப தான் துன்னுவேன்றாரு. நான் எப்பிடி சொல்லுவேன்? எம் மவன் இந்நேரம் கடல்ல கீறான்.

நீ வெளியூரு, கடலுக்கு உன்னத் தெரியாது. வரும்போது வாசல்ல நின்னு அந்தப் பேர சொன்ன பாரு, அதே மாரி ஒரு தபா சொல்லு. இரு, கதவ சாத்திக்கிறேன். இந்தா தட்டு. மெதுவா கூப்புடு.