பேனரில் ஆள் தேடிய குமாஸ்தா அம்மா

மேடையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் சங்கத்தினரே, நீதிமன்ற ஊழியர்களே, ஒலக்கூரிலிருந்தும் பிரம்மதேசத்திலிருந்தும் பிள்ளைகளோடு பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக நீதிமன்றச் செய்தி எழுதுகிறவன் நான். எனவே இன்று காலை வரை உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமலாவின் கணவர் மீதான வாரண்ட், மூன்றாவது முறையாக "விலாசத்தில் ஆள் இல்லை" என்ற குறிப்போடு திரும்பியிருக்கிறது. ஆதாரம், முன்வரிசையில் அமலா கையில் இருக்கும் நீதிமன்ற நகல். மகள் கலைப்பிரியாவுக்கு அவர் தர வேண்டிய ஜீவனாம்சம் மாதம் ஆறாயிரம் ரூபாய். பதினோரு மாதமாக வரவில்லை. அந்தப் பெண்ணின் பாலிடெக்னிக் கட்டணத்துக்கு இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசி நாள்.

அந்தப் பாக்கிக்காக மூன்றாவது வாரண்ட் கேட்ட மனுதான் நம் வேணி அம்மையார் கடைசியாகத் தட்டச்சு செய்த காகிதம்.

முப்பத்தொரு ஆண்டுகள் திண்டிவனத்தில் வழக்கறிஞர் குமாஸ்தா! கோர்ட்டுக்கு வரும் பெண்களுக்குக் குமாஸ்தா அம்மா! இது இரங்கல் கூட்டம்தான். ஆனாலும் அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்களுக்கும் வருகிறது. வரட்டும்!

பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். இதை எத்தனை பேருக்கு அவர் கத்திக் கத்திச் சொல்லியிருப்பார்? "இன்னா மா, அவரா மனசு மாறுவாருன்னு பாத்துக்கினு கீறியா? அவரு மாறதுக்குள்ள காலண்டரு மாறிடும். ஜல்தி கையெழுத்து போடு!"

மனு போட்டாலும் ஆள் கிடைக்க வேண்டுமே? அதற்குத்தான் அம்மையார் பேனர் படித்தார். ஆமாம், காதுகுத்து பேனர், மஞ்சள் நீராட்டு பேனர், பிறந்தநாள் பேனர் எல்லாவற்றையும்! வாரண்டுக்குப் பயந்து தலைமறைவாக இருக்கிறவரால் பேனரில் முகம் காட்டாமல் இருக்க முடியாது என்பது அவர் கண்டுபிடிப்பு.

சீனுவாசன் என்று ஒருவர். கூலி வேலை, வருமானமே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனார். பிரம்மதேசத்தில் ஒரு காதுகுத்து பேனரில், கூலிங் கிளாஸோடு, "தொழிலதிபர்" என்ற பட்டத்தோடு, செல்பேசி எண்ணோடு நின்றார்! அம்மையார் அதைப் படம் எடுத்து, வாரண்டோடு அலைந்த ஏட்டிடம் நீட்டினார்.

"ஏட்டையா, ஆளே இல்லன்னு எழுதிக்கினு வந்தீங்களே, இன்னா சிரிப்பு சிரிக்கிறாரு பாருங்க!"

அந்த எண்ணால் பிடிபட்டு வந்தவரை நீதிபதி கேட்டார்: "தொழிலதிபர் நீங்களா?"

"அது பேனர்காரன் போட்டதுங்க ஐயா."

"போட்டோவுக்கும் அவன்தான் போஸ் கொடுத்தானா?"

கோர்ட்டே சிரித்தது. இரண்டு தவணையில் முழுப் பாக்கியும் வந்தது. அன்று வாசலில் அம்மையார் எல்லோருக்கும் டீ வாங்கினார். சீனுவாசனுக்கும் ஒன்று. "இந்தாப்பா, நீயும் குடி. மாசாமாசம் கட்டிக்கினு வா, மாசாமாசம் டீ." இன்றுவரை அவர் தவறாமல் கட்டுகிறார். அதோ, கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவர் அவர்தான்!

இனி யார் பேனர் படிப்பார் என்று கவலைப்பட்டோம். நண்பர்களே, இந்த மண்டபத்து வாசலில் அம்மையாருக்கு வைத்திருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தீர்களா? நண்பர்கள் குழு ஒன்று வைத்தது. இருபத்திரண்டு முகங்கள். உள்ளே வரும்போதே அமலா அங்கே நின்றுவிட்டார். "சார், எங்க ஊட்டுக்காரரு! புது நம்பரு, ஜேசிபி ஓனருன்னு வேற போட்டுக்கீறாரு!"

மனுவில் வழக்கறிஞர் பெயர் இருக்கும், தட்டச்சு செய்தவர் பெயர் இருக்காதே! தன் மீதான மனுவைத் தட்டச்சு செய்தவருக்கே அஞ்சலி செலுத்துகிறோம் என்று தெரியாமலே அவர் அகப்பட்டிருக்கிறார். போன பிறகும் ஆள் பிடித்துக் கொடுத்த ஒரே குமாஸ்தா நம் வேணி அம்மையார்!

படமும் எண்ணும் அரை மணி நேரத்துக்கு முன்பே காவல் நிலையம் போய்விட்டன. இந்தப் புதிய விவரம் நாளை, திங்கட்கிழமை, மனுவாகத் தாக்கலாகும். பணம் இன்னும் வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும். விசாரணை இருபதாம் தேதி, காலை பத்தரை மணி. முப்பதுக்குள் கலைப்பிரியாவின் கட்டணம் கட்டியாக வேண்டும். அதுவரை அமலாவைத் தனியாக விடமாட்டோம் என்று இங்கே உறுதி சொல்வோம். இனி எந்த பேனரையும் படிக்காமல் கடக்கமாட்டோம் என்றும் சொல்வோம்.

இருபதாம் தேதி எல்லோரும் வாருங்கள். டீ என் செலவு. ஜேசிபி ஓனருக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.