ஒரே அறை, ஒரே வகுப்பு: தோங் குவாய் ஃபூங் ஆசிரியைக்கு

சீன நாவுகளுக்கு ஆங்கிலம் பழக்கிய செம்மையே, அதட்டாமல் கற்பித்த அன்பே, அச்சுறுத்தலுக்கு அசையாத அம்மையே, ஈப்போ குலச்சங்க மாலை வகுப்பின் ஆசிரியர்களும் பணியாளர்களும் உங்களைக் கைகூப்பி வணங்குகிறோம்.

நம் மாணவர்கள் காய்கறி விற்பவர்கள், துணி தைப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள். எது உடைந்தாலும் அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே 'பிரேக்'தான். நீங்கள் கடலையைக் கொண்டுவந்து பிளக்கச் சொன்னீர்கள். மூங்கில் குச்சியை ஒடிக்கச் சொன்னீர்கள். பழைய கிண்ணத்தைத் துணியில் சுற்றிச் சுக்குநூறாக்கினீர்கள். கை செய்த வேலைக்கு வாய் தானாகச் சொல் தேடியது. பிறகு மனிதர்களுக்கு வந்தீர்கள். கூட்டம் கலைவதற்கு ஒரு சொல், கட்சி பிளவுபடுவதற்கு ஒரு சொல், சண்டையே இல்லாமல் மெல்ல விலகிப்போவதற்கு வேறொரு சொல்.

கிண்ணம் உடைந்தது சீனப் புத்தாண்டின் பதினைந்து நாள் கொண்டாட்டத்துக்குள். காவலாளி லோக் பதறிவிட்டார். "டீச்சர், பெருநாளே இன்னும் முடியல. இப்பப் போயி கிண்ணத்த உடைக்கிறீங்களே?"

"தரையில விழுந்தாத்தானே அபசகுனம், லோக் அண்ணே? இது துணியிலதானே விழுந்துச்சு" என்றீர்கள்.

அடுத்த மாதமே சங்கம் பிளந்தது. மூதாதையர் மண்டபத்துக்குப் புதுக் கூரை போதும் என்றது திரு. யிப் அணி; புதுக் கட்டடமே வேண்டும் என்றது திரு. செவ் அணி. இரண்டு தலைவர்களும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: எல்லாம் அந்தக் கிண்ணத்தால் வந்த வினை.

மாணவர்களை அணிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, வகுப்பறையின் குறுக்கே ஒட்டுப்பலகைத் தடுப்பு எழுந்தது. "இந்தப் பக்கம் முடிச்சிட்டு அந்தப் பக்கம் போங்க. ரெண்டையும் கலந்தீங்கன்னா வகுப்பையே மூடிருவோம்" என்றார் திரு. யிப். திரு. செவ்வும் அதையே சொல்லி அனுப்பினார்.

நீங்கள் தடுப்பின் முனையில், இரு பக்கமும் பார்க்கும்படி நின்றுகொண்டீர்கள். பிஸ்கட்டுகளை ஒடித்து, ஒரு பாதியை இடப்பக்கமும் மறுபாதியை வலப்பக்கமும் கொடுத்தீர்கள். "மீதி யார்கிட்ட இருக்குன்னு தேடிப் போங்க. இங்கிலீஷ்ல கேட்டாத்தான் கொடுக்கணும்."

தையல்காரி மூய் லானும் அவர் அண்ணனும் பிளவுக்குப் பின் ஒரு சொல் பேசியதில்லை. தாய்மொழியில் கேட்க மனம் வராதவர், திக்கித் திணறி ஆங்கிலத்தில் கேட்டார். பாதி கேட்ட தங்கைக்கு அண்ணன் தன் பாதியைக் கொடுத்து அதை முழு பிஸ்கட்டாக்கினார். இறைவன் பெரிய வேலைகளை இப்படிச் சின்னக் கைகளிடம்தான் ஒப்படைக்கிறான் என்று அன்று நம்பினோம், இன்றும் நம்புகிறோம்.

வகுப்பு மூடப்படவில்லை. யார் முதலில் மூடுவது என்பதிலும் இரு தலைவர்களுக்கும் உடன்பாடில்லை.

நீங்கள் ஓய்வு பெறும் செய்தி கேட்டு இரண்டு அணியும் தனித்தனியே விருந்து வைக்க வந்தன. "எனக்கென்ன ரெண்டு வயிறா இருக்கு? ஒரே மேசை போடுங்க, வர்றேன்" என்று திருப்பி அனுப்பினீர்கள். அதனால்தான் இன்று இரு தலைவர்களும் நீராவியில் வெந்த ஒரே மீனில் கைவைத்திருக்கிறார்கள்.

ஆனால் திங்கட்கிழமை முதல் இரண்டு வகுப்பு, இரண்டு ஆசிரியர் என்று இரு அணியும் அறிவித்துவிட்டன. நீங்கள் போனால் தடுக்க ஆளில்லை என்பது அவர்கள் கணக்கு. பெரியவர்களே, உங்கள் முன்னிலையில் மரியாதையோடு சொல்கிறோம்: நாங்கள் பாதி வகுப்பு எடுக்க மாட்டோம். அறையைப் பூட்டினால் கீழே நடைபாதையில் எடுப்போம். அங்கிருந்தும் விரட்டினால் கோப்பிக்கடையில் எடுப்போம்.

அம்மையே, நல்ல உடலும் நல்ல உறக்கமும் நிறைந்த நெடிய ஆயுளை இறைவன் உங்களுக்கு அருளட்டும். ஊர்க் கவலையை இனி எங்களிடம் விட்டுவிடுங்கள்.

தடுப்பு நேற்று மாலை கழற்றப்பட்டது. கழற்றியது யார் என்று யாரும் விசாரித்து அலைய வேண்டாம். பெயர்கள் கீழே.

லியோங் சூன் கியட், ஆசிரியர்
ஹோ பிக் யீ, ஆசிரியை
மரியசெல்வம், ஆசிரியர்
லோக் ஆ செங், காவலாளி